626, கிழக்கு லஃபாயெட் தெரு: ஃபேனி லூ ஹேமர் ஓட்டுரிமை கேட்ட கதை

1964 ஆகஸ்ட் 22. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு கூடவிருந்த நேரம். மாநாட்டில் யார் யார் உட்காரலாம் என்று முடிவுசெய்யும் குழுவின் முன்னால், பருத்திக்காட்டிலேயே வயதாகிப்போன 46 வயதுப் பெண் ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து உட்கார்ந்தார். தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் முதலில் சொன்னது தன் பெயரை, அடுத்துச் சொன்னது வீட்டு முகவரியை. "என் பெயர் திருமதி ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பி மாநிலம், சன்ஃப்ளவர் மாவட்டம், ரூல்வில், 626 கிழக்கு லஃபாயெட் தெருவில் வசிக்கிறேன்." அதே மூச்சில், அது செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்டின் மாவட்டம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஈஸ்ட்லேண்ட் அதே மாவட்டத்தின் பெரிய பருத்திப் பண்ணைக்காரர். கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களை வாஷிங்டனில் நின்று ஆண்டாண்டாகத் தடுத்துவந்தவர்.

ஹேமரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அன்று அவர் விவரித்த சிறைக் கொடுமையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அது மறக்கக்கூடியதல்ல, நானும் அதற்கு வருவேன். ஆனால் பல முறை படித்த பிறகு என்னை நிறுத்திவைப்பது அந்த முதல் வரிதான். அந்நாளில் மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளைக்காரர் யாரும் "திருமதி" என்று அழைக்கமாட்டார்கள். வயதானவராக இருந்தாலும் வெறும் பெயர்தான். அவர் அந்த அடைமொழியைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டார். முகவரி விஷயம் அதைவிடக் கனமானது. ஓட்டு கேட்கும் கறுப்பினத்தவரை அடக்க அந்த மாநிலத்தின் கையில் இருந்த மிகக் கூர்மையான ஆயுதம் முகவரிதான். அது எப்படி என்று புரிய, பண்ணையிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளிக்கோலும் மூன்று கோவேறு கழுதைகளும்

1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பியின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் ஹேமர் பிறந்தார். 20 பிள்ளைகளில் கடைக்குட்டி. அவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சன்ஃப்ளவர் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்து, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிடத் தொடங்கியது. ஆறு வயதில் சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்தவளிடம் நிலக்காரர் வந்து, 30 பவுண்டு பருத்தி எடுப்பாயா என்று கேட்டார். நம் கணக்கில் அது பதின்மூன்று கிலோவுக்கு மேல். எடுத்தால் பண்ணைக் கடையிலிருந்து மத்தி மீன் டப்பாவும் இஞ்சி ரொட்டியும் பாகு பூசிய சோளப்பொரியும் தருவதாகச் சொன்னார். குழந்தை எடுத்தாள். அடுத்த வாரம் 60 பவுண்டு கேட்டார்கள். அந்தக் கடைப் பண்டத்தில் தொடங்கிய கடன்தான் தன்னைப் பண்ணையோடு கட்டிப்போட்டது என்று பின்னாளில் ஹேமர் சொல்வார். 13 வயதில் ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் எடுத்தார். இளம்பிள்ளைவாதம் தாக்கிய கால் அது.

விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதியிலிருந்து விதை, உரம், கடைக் கணக்கு எல்லாம் கழியும். கணக்கு அவர் கையில், தராசும் அவர் கையில். ஆண்டு முடிவில் மிஞ்சுவது கடன்தான். குடியிருக்கும் வீடும் அவருடையதே.

அந்தக் குடும்பம் ஒரே ஒரு முறை இந்தக் கட்டிலிருந்து வெளியே வரப் பார்த்தது. நல்ல விளைச்சல் கண்ட காலத்தில் தந்தை கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, மூன்று கோவேறு கழுதைகளும் பசுக்களும் வாங்கினார். கழுதைகளுக்கு எலா, பேர்ட், ஹென்றி என்று பெயர். ஒரு இரவு யாரோ தீவனத்தில் பச்சைப் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார்கள். வீட்டார் வந்து பார்த்தபோது ஒன்று செத்துக்கிடந்தது, மற்றவையும் பிழைக்கவில்லை. குடும்பம் மறுபடி வாரத்துக்கே திரும்பியது. நாற்பது ஆண்டு கழித்தும் ஹேமர் அந்தக் கழுதைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்.

பள்ளிக்கூடம், பருத்தி வேலை இல்லாத குளிர்கால மாதங்களில் மட்டும். எழுத்துக்கூட்டிச் சொல்வதில் கெட்டிக்காரி. பன்னிரண்டு வயதளவில் அதுவும் நின்றது. 1944-இல் பெரி ஹேமரை மணந்து ரூல்வில் அருகே ஒரு பண்ணைக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் அங்கே கணக்குப் பிள்ளை வேலையும் கிடைத்தது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், எவ்வளவு பருத்தி எடுத்தார் என்று குறித்துக்கொள்வது அவர் பொறுப்பு.

இங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பருத்தி மூட்டையை நிறுப்பது வெள்ளிக்கோலில். கோலில் நகர்த்தும் குண்டின் எடையில் நிலக்காரர்கள் கைவைத்திருப்பார்கள். கூலிக்காரர் எடுத்த பருத்தி குறைவாகவே காட்டும். ஹேமர் சரியான எடையுள்ள குண்டு ஒன்றைத் தன்னோடு வயலுக்கு எடுத்துப் போவார். முதலாளி தூரத்தில் வருவது தெரியும்வரை அதை மாட்டி நிறுப்பார், வந்ததும் மாற்றிவிடுவார். எந்த இயக்கமும் அந்த ஊரை எட்டிப்பார்ப்பதற்கு முன்னால் நடந்தது இது. 1962-இல் யாரோ வந்து அவரை "விழிக்க வைத்தார்கள்" என்று எழுதுவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத பேச்சு. அவர் ஏற்கெனவே விழித்துத்தான் இருந்தார். ஓட்டு என்று ஒன்று தனக்கு உண்டு என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

1961-இல் கட்டி ஒன்றை அகற்ற மருத்துவமனைக்குப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். பண்ணையில் மற்றவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அங்கே வாடிக்கையாக நடந்தது. "மிசிசிப்பி குடல்வால் அறுவை" என்று அதற்கொரு பெயரே வழங்கியது. அவரும் பெரியும் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.

21 கேள்விகள்

1962 ஆகஸ்டில் ரூல்வில்லின் வில்லியம்ஸ் சாப்பல் தேவாலயத்தில் ஒரு கூட்டம். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய, ஸ்னிக் என்று எல்லோரும் அழைத்த மாணவர் அமைப்பின் இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஜேம்ஸ் பெவலும் ஜேம்ஸ் ஃபோர்மனும் பேசினார்கள். வாக்காளராகப் பதிய யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஹேமர் கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினார். வயது 44. "கொஞ்சம் புத்தி இருந்திருந்தால் பயந்திருப்பேன்" என்று பின்னர் சொன்னார். "பயந்து என்ன ஆகப்போகிறது? அவர்களால் முடிந்தது என்னைக் கொல்வதுதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவருகிறார்கள்."

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பேருந்தில் 26 மைல் தள்ளியிருந்த இன்டியனோலாவுக்குப் போனார்கள். மாவட்டத் தலைநகர் அது. 1954-இல் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் முதன்முதலாகக் கூடிய ஊரும் அதுவே. முகமூடி போட்டு இரவில் வரும் கூட்டமல்ல இந்த மன்றம். ஊர்ப் பெரிய மனிதர்களின் சங்கம். பள்ளியில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இரண்டே மாதத்தில் உருவானது. அதன் வழி வேறு: வேலையிலிருந்து நீக்குவது, கடனைத் திருப்பிக் கேட்பது, கடையில் பற்று நிறுத்துவது. வயிற்றில் அடிப்பது.

பதிவு விண்ணப்பத்தில் 21 கேள்விகள். மாநில அரசியல் சாசனத்தின் 285 பிரிவுகளில் அலுவலர் கைகாட்டும் ஏதாவது ஒன்றை எழுதிக்காட்டி, அதற்குப் பொருளும் சொல்ல வேண்டும். பொருள் சரியா என்பதை முடிவுசெய்பவர் அந்த அலுவலர் ஒருவர்தான். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. ஹேமருக்கு வந்தது 16-ஆவது பிரிவு, முன்தேதியிட்டுத் தண்டிக்கும் சட்டங்களைப் பற்றியது. அதை எழுதிவிட்டார், பொருள் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ, அந்தச் சட்டத்தைப் பற்றித் தனக்கும் அவ்வளவே தெரிந்திருந்தது என்றார்.

படிப்பறிவில்லாதவரைச் சட்டக் கேள்வி கேட்டு மடக்கிய கதையாகவே இது எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் விண்ணப்பத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். எங்கே குடியிருக்கிறாய்? எங்கே வேலை? முதலாளி யார்? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கட்டங்களை நிரப்பும்போதே, தன்னை எங்கே வந்து பிடிக்கலாம் என்று எழுதிக்கொடுக்கிறார் விண்ணப்பதாரர். அந்த ஆண்டு மாநிலம் போட்ட புதுச் சட்டப்படி, விண்ணப்பித்தவர் பெயர் உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளிவரும். சட்டக் கேள்வியில் தோற்றால் ஓட்டு மட்டும் போகும். முகவரிக் கட்டத்தை உண்மையாக நிரப்பினால் வேலையும் வீடும் போகும்.

அன்று அப்படியே நடந்தது. திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. பேருந்தின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்து மாதிரி இருக்கிறதாம். ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம். பேசிப் பேசி 30 டாலருக்கு வந்தது, எல்லோரும் சட்டைப் பையைத் துழாவிச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேருந்து நின்றிருந்த அந்த நேரத்தில், பின்பக்கமிருந்து ஒரு பெண்குரல் தேவாலயப் பாட்டு ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குரல் யாருடையது என்று ஸ்னிக் இளைஞர்கள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹேமர் வீடு சேர்வதற்குள் முதலாளிக்குத் தகவல் போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு, மிசிசிப்பி இதற்கெல்லாம் இன்னும் தயாராகவில்லை என்றார் அவர். ஹேமர் சொன்ன பதில்: "உங்களுக்காக நான் பதியப் போகவில்லை. எனக்காகப் போனேன்." 18 ஆண்டு உழைத்த பண்ணையைவிட்டு அன்று இரவே அவர் வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவரை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். பத்து நாள் கழித்து, செப்டம்பர் 10 இரவு, அவருக்கு ரூல்வில்லில் அடைக்கலம் கொடுத்த வீட்டின் மீது 16 முறை சுட்டார்கள். அவர் அன்று அங்கே இல்லை.

இனி என்ன செய்துவிடுவார்கள்?

டிசம்பர் 4 அன்று ஹேமர் மீண்டும் இன்டியனோலா போனார். பதிவு அலுவலரிடம் அவர் சொன்னதாக நினைவுகூர்ந்த வார்த்தைகளை ஊன்றிப் படிக்க வேண்டும். இப்போது என்னை வேலையிலிருந்து எடுக்க முடியாது, ஏற்கெனவே எடுத்தாயிற்று. வீட்டைவிட்டுத் துரத்தவும் முடியாது, நான் வெள்ளைக்காரர் வீட்டில் குடியில்லை. வாக்காளராகப் பதியும்வரை முப்பது நாளுக்கொரு முறை வந்துகொண்டே இருப்பேன்.

முகவரிக் கட்டத்தின் பல் அன்று விழுந்துவிட்டது. இழக்க வேண்டியதையெல்லாம் இழந்த பிறகு அவர் அதை நிரப்பினார். 1963 ஜனவரி 10 அன்று தேறிவிட்டதாகத் தெரிந்தது. ஓட்டுப் போடப் போனபோது, ஓட்டுப் போட ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தலைவரியை இரண்டு ஆண்டு கட்டிய ரசீது எங்கே என்று கேட்டார்கள். வாக்காளரே ஆகாத ஆண்டுகளுக்கு ரசீது எப்படி இருக்கும்? அந்த முறையும் ஓட்டு இல்லை. இதற்கிடையில் புது வீட்டுக்கு 9,000 டாலர் தண்ணீர்க் கட்டண பில் வந்ததாகச் சொல்வார். அந்த வீட்டுக்குக் குழாய் இணைப்பே கிடையாது.

வினோனா

1963 ஜூன் 9. தென் கரோலினாவில் வாக்காளர் கல்விப் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய குழு, வினோனா என்ற ஊரில் பேருந்து நின்றதும் நிலைய உணவகத்துக்குள் போனது. பேருந்து நிலையங்களில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று மத்திய ஆணையம் 1961-லேயே சொல்லியிருந்தது. போலீஸ் அவர்களை வெளியே தள்ளிக் கைதுசெய்தது. பேருந்தில் இருந்த ஹேமரும் இறங்கியதும் பிடிபட்டார். கொண்டுபோனது மாண்ட்கோமரி மாவட்டச் சிறைக்கு. அவர் பிறந்த மாவட்டம் அது.

பக்கத்து அறையில் ஆனெல் பாண்டர் என்ற ஆசிரியையை அடிப்பது கேட்டது. "ஆமாம் ஐயா" என்று சொல்ல வருமா என்று கேட்கிறார்கள். வரும் என்கிறார். அப்படியானால் சொல் என்கிறார்கள். "அப்படிச் சொல்லும் அளவுக்கு உங்களை எனக்குத் தெரியாது" என்கிறார். மறுபடி அடி.

பிறகு ஹேமரின் அறைக்கு வந்தார்கள். நெடுஞ்சாலைக் காவலர் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர்? ரூல்வில் என்றார். சரிபார்க்கிறோம் என்று போய்விட்டுத் திரும்பி வந்து, ரூல்வில்தான் என்று உறுதிசெய்துகொண்டு, செத்திருந்தால் தேவலை என்று உன்னை நினைக்க வைக்கிறோம் என்றார்கள். இங்கேயும் முகவரிதான் முதலில். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு விசாரித்தபோது அவர் யாரென்று தெரிந்துவிட்டது. அடியை அவர்கள் தாங்களே தொடங்கவில்லை. சிறையில் இருந்த இரண்டு கறுப்பினக் கைதிகளின் கையில் தோல்தடியைக் கொடுத்து, முதலாமவர் களைக்கும்வரை, பிறகு இரண்டாமவரைக் கொண்டு அடிக்கச் சொன்னார்கள். சிறுநீரகம் கெட்டது. இடக் கண்ணில் ரத்தம் கட்டியது. இரண்டும் கடைசிவரை சரியாகவில்லை.

ஜூன் 12 அன்று வெளியே வந்தார்கள். அதே நாள் அதிகாலையில் ஜாக்சன் நகரில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். வினோனா காவலர்கள் மீது மத்திய அரசு தொடுத்த வழக்கில், அந்த டிசம்பரில் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அனைவரையும் விடுவித்தது.

இரண்டு நாற்காலி

1964-இல் ஹேமர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேமி விட்டனை எதிர்த்து, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனால் தன் முதல் ஓட்டைத் தனக்கே போட்டதாகப் பெருமையோடு சொல்வார். மிசிசிப்பியின் அதிகாரபூர்வ ஜனநாயகக் கட்சி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்பதால், அந்த ஏப்ரலில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தொடங்கப்பட்டது. 68 பேர் கொண்ட அதன் குழுதான் அட்லாண்டிக் சிட்டிக்குப் போய், மாநிலத்தின் உண்மையான பிரதிநிதிகள் நாங்களே என்று உரிமை கோரியது.

ஹேமர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டினார். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. தென்மாநில வெள்ளையர் வாக்கு கைநழுவிவிடும் என்ற பயம் அவருக்கு. ஆனால் தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்தச் சாட்சியத்தை இரவுச் செய்தியில் போட்டன. பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் அதைப் பார்த்தார்கள்.

பிறகு கட்சித் தலைமையிடமிருந்து பேரம் வந்தது. இரண்டு இடம் தருகிறோம், யார் உட்காருவது என்பதையும் நாங்களே சொல்கிறோம். பெரிய தலைவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். "இரண்டு நாற்காலிக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை" என்றார் ஹேமர். அவர் செய்தது அரசியல் அறியாமை என்று அன்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்திருந்த 68 பேரில் பலர், போன வேலைக்காகவே வீட்டையும் பிழைப்பையும் பணயம் வைத்தவர்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு யாரோ கைகாட்டிய இருவர் உட்காருவதை அவர் எந்த முகத்தோடு ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க முடியும்? நான்கு ஆண்டு கழித்து சிகாகோ மாநாட்டில் அவர் முறைப்படி பிரதிநிதியாக உள்ளே வந்தபோது மண்டபம் எழுந்து நின்றது.

சட்டத்துக்குப் பிறகும்

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. எழுத்தறிவுச் சோதனை போனது. பதிவு செய்ய மத்திய அலுவலர்கள் வந்தார்கள். மிசிசிப்பியில் வயதுவந்த கறுப்பினத்தவரில் பதிவுபெற்றவர்கள் 1964-இல் 6.7 சதவீதம், 1967-இல் 59.8 சதவீதம். இந்தியாவில் எழுத்தறிவில்லாதவர்களும் முதல் பொதுத்தேர்தலிலேயே வாக்களித்துப் பழகிய நமக்கு, இந்த முதல் எண்ணை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஆனாலும் சன்ஃப்ளவர் என்ற சிற்றூரில் நடந்ததைச் சொல்லாமல் இந்த எண்களை விட்டுவிட முடியாது. அங்கே நடந்த ஊராட்சித் தேர்தல் செல்லாது என்று ஹேமர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்தது. புதிதாகப் பதிந்தவர்களுக்கு வாய்ப்பு தராமல் நடத்தியதே காரணம். 1967 மே மாதம் மறுதேர்தல். பட்டியலில் கறுப்பின வாக்காளர்களே அதிகம். இருந்தும் அவர்களுடைய வேட்பாளர்கள் தோற்றார்கள். பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, ஆனால் வீடும் வேலையும் இன்னும் பழைய முதலாளிகளிடம்தான் இருந்தன. மத்திய அலுவலர் வந்து அந்த விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கலாம், அந்தக் கட்டத்தில் எழுதியிருந்த பெயரை அவரால் மாற்ற முடியாது.

அதே 1967-இல் ஹேமரின் வளர்ப்பு மகள் டோரதி இறந்தார். சத்துக்குறைவான உடம்பு. அக்கம்பக்கத்தில் மருத்துவம் கிடைக்காமல் மெம்ஃபிஸ்வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. நாடே பெயர் சொல்லும் தலைவர் ஒருவரின் வீட்டில் நடந்தது இது.

அதற்குப் பிறகு ஹேமர் மேடையைவிட மண்ணில் அதிகம் நின்றார். 1968-இல் தேசிய நீக்ரோ மகளிர் மன்றத்தின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றைத் தொடங்கினார். 35 பெட்டைப் பன்றிகள், 5 கிடாக்கள். ஒரு குடும்பம் ஒரு பெட்டையை எடுத்துப்போய் வளர்க்கும். குட்டி போட்டதும் இரண்டை வங்கிக்குத் திருப்பும். மீதி குடும்பத்துக்கு. அடுத்த ஆண்டு 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு. மாதச் சந்தா ஒரு டாலர். வேலையில்லாத குடும்பங்கள் வந்து காய்கறி பறித்துக்கொண்டார்கள். நன்கொடை சேர்ந்து சில ஆண்டுகளில் நிலம் 600 ஏக்கரைத் தாண்டியது. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டவும் வழிசெய்தார்கள். பண்ணையைப் பற்றி அவர் சொன்னது: கீரையும் வெண்டைக்காய் சூப்பும் 400 போத்தல் குளிர்காலத்துக்கு அடைத்து வைத்திருந்தால், நீ என்ன பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உன்னை நெட்டித்தள்ள முடியாது.

இதை அவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்தபின் செய்த சமூகசேவை என்று தனியே பிரித்து வைக்கிறார்கள். நான் அதை 1962 ஆகஸ்ட் 31-இன் தொடர்ச்சியாகவே வாசிக்கிறேன். யார் வீட்டில் குடியிருக்கிறாய், யாரிடம் வேலை என்ற கேள்விக்கு, எங்கள் வீடு, எங்கள் நிலம் என்று எழுதக்கூடிய சில நூறு குடும்பங்களை உண்டாக்கப் பார்த்தார். எலா, பேர்ட், ஹென்றியை இழந்த வீட்டுப் பெண்ணுக்கு அதன் அருமை தெரியும்.

பண்ணை நிலைக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. நன்கொடை வற்றியது. அவர் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1976-இல் வரிப் பாக்கிக்காக நிலத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. பாக்கி வரியைக் காட்டி ஓட்டை மறுத்த மாநிலம் அது, கடைசியில் நிலமும் வரியில்தான் போனது. நல்ல நிர்வாகி இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மாவட்டத்தில் கறுப்பினத்தவர் கூட்டுறவுக்கு எந்த வங்கி கைகொடுத்திருக்கும் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

1977 மார்ச் 14 அன்று மவுண்ட் பயூ மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாலும் ரத்தக் கொதிப்பாலும் ஹேமர் இறந்தார். வயது 59. அவர் முதன்முதலாகக் கையைத் தூக்கிய வில்லியம்ஸ் சாப்பலில்தான் இறுதி ஆராதனை. ஐக்கிய நாடுகள் சபைக்கான அமெரிக்கத் தூதராக அப்போது இருந்த ஆண்ட்ரூ யங் வந்து பேசினார். அடக்கம் செய்தது ரூல்வில்லில், கூட்டுறவுப் பண்ணைக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில். பதினைந்து ஆண்டு கழித்துப் பெரி ஹேமரையும் அவர் பக்கத்திலேயே புதைத்தார்கள்.